மரத்தைப் பார்த்த கேமரா

அந்தப் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்சேஞ்ச் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று அங்கே இல்லாமல் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் அவள்தான் வளாகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேதியியல் துறையை விடுதியோடும், விடுதியை எங்கோ இருக்கும் அம்மா அப்பாக்களோடும் சேர்த்துவைத்தவள். எந்தப் பேராசிரியர் வீட்டில் யாருக்கு யார்மேல் கோபம், எந்தத் துறைத்தலைவர் ரகசியமாக வேறு இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவள் காதில் விழும். விழுந்தது விழுந்ததுதான். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது.

ஆளுக்கொரு செல்போன் வந்ததும் இணைப்பகத்தை மூடினார்கள். அதே சமயம் வளாகம் முழுக்கக் கேமரா வைத்தார்கள், அக்காவைத் தூக்கி அங்கே போட்டார்கள். இதுவரை கேட்டது போதும், இனிமேல் பார் என்று சொன்ன மாதிரி. பெயர் மட்டும் பழையதே நின்றுவிட்டது.

கேமரா அறை, வாசலில் காவலர்கள் உட்காரும் அறைக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரில் நான்கு பெரிய திரை, ஒவ்வொன்றிலும் எட்டுக் கட்டம், ஆக முப்பத்திரண்டு இடம். மூலையில் பதிவு செய்யும் எந்திரம் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அறைக்கு ஏசி போட்டது அந்த எந்திரத்துக்காகத்தான், மனுஷிக்காக இல்லை. எந்திரம் சூடானால் கெட்டுப்போய்விடுமாம். அக்கா குளிரில் விறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால் வெளியே வெயில் கொளுத்துகிற நாளிலும் அவள் சால்வையும் காலுறையுமாகத்தான் வேலைக்குக் கிளம்புவாள். வழியில் பார்க்கிறவர்கள் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள்.

முப்பத்திரண்டு கேமராவில் இருபத்தொன்பது, வைத்த இடத்தில் வைத்தபடி முறைத்துக்கொண்டிருக்கும். மூன்றை மட்டும் மேஜைமேல் இருக்கும் ஒரு சின்னக் கைப்பிடியால் திருப்பலாம். அதில் ஒன்பதாம் நம்பர், நூலகத்துக்கு எதிரே நாலு பாதை கூடும் இடத்தில் கம்பத்தின் உச்சியில் இருந்தது. நம் கதை அந்த ஒன்பதாம் நம்பரைச் சுற்றித்தான்.

அக்காவுக்கு அந்த வேலையில் ஒரே குறை, படத்தில் சத்தம் வராது. பதினாலு வருஷம் வெறும் குரலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இப்போது வெறும் உருவம். அதனால் குரலை அவளே கொடுத்துவிடுவாள். சைக்கிள் நிறுத்தத்தில் இரண்டு பையன்கள் கையை ஆட்டிப் பேசினால், "என் நோட்டு எங்கடா?", "தேடிக்கிட்டேதான்டா இருக்கேன்", "எங்க, கனவுலயா?" என்று இரண்டு குரலில் தனியாக நாடகம் ஓடும். ஒருநாள் வாசல் காவலர்கள் இரண்டு பேருக்கு அப்படிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எழுந்திருடா, விசில் வர்றாரு!" பின்னால் யாரோ செருமினார்கள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கவிட்டிருக்கும் பாதுகாப்பு அதிகாரி, சாட்சாத் அந்த விசிலேதான் நின்றுகொண்டிருந்தார். அக்கா திருதிருவென்று விழித்தாள். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நடிப்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தினமும் பார்க்கிற முகங்களோடு அவளுக்குப் பழகிவிட்ட எண்ணம் வந்துவிடும். ஆனால் அவர்களுக்கு இவள் யாரென்றே தெரியாது. ஒருமுறை காய்கறிக் கடையில் ஒரு பேராசிரியரைப் பார்த்ததும் தன்னை மறந்து, "கால் வலி தேவலையா சார்? நேத்து படியில கொஞ்சம் வேகமாத்தான் ஏறினீங்க" என்று கேட்டுவிட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். கையிலிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு நடையைக் கட்டினார், அதுவும் வேகமாக. அன்றிலிருந்து அக்கா கடைத்தெருவில் தலையை நிமிர்த்துவதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அவள் வீட்டுக்காரர் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஊர்ச் சேதி தெரியாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். சாயங்காலம் அவள் வந்ததும் பக்கத்தில் வந்து உட்காருவார்.

"இன்னிக்கு உள்ள என்ன விசேஷம்?"

"மழை வந்துச்சு."

"அது எனக்கும்தான் வந்துச்சு. வேற?"

"விட்டுடுச்சு."

அதற்குமேல் அவளிடம் ஒன்றும் பெயராது. முப்பத்திரண்டு கண்ணு வெச்சிருக்கா, ஒரு வாய் இல்ல என்று அவர் அலுத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில் அவர்களுடைய ஒரே மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்க இடம் கிடைத்தது. அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சேர்க்கைக் கடிதத்தின் நகலைக் காட்டினார். மகள் மட்டும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"ம்மா, உள்ள நீ என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. நான் யார் பொண்ணுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஒருத்தியும் என்கூடப் பேச மாட்டா. இவகிட்ட பேசினா கேமராவுக்குப் போயிடும்னுவாங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரமும் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகளைத்தான் பார்த்தாள். முப்பத்தொரு கட்டத்தில் என்ன நடந்தாலும் ஒன்பதாம் நம்பரிலேயே கண் போய் நிற்கும். மத்தியான இடைவேளையில் மகள் நூலகத்துக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் வந்து உட்காருவாள். புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள். போனை எடுப்பாள், வைப்பாள். பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற அக்காவுக்கு அந்தக் கட்டத்துக்கு மட்டும் குரல் வரவில்லை. பேச ஆளிருந்தால்தானே குரல் கொடுப்பது?

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம், டீ ஆற்றிக்கொண்டே வாய் தவறிவிட்டது.

"ஏம்மா, தினமும் அந்த பெஞ்சுல தனியாவே உக்காந்திருக்கியே, பேசறதுக்கு ஒருத்தர்கூடக் கிடைக்கலையா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாக்குறியா? தினமும் பாக்குறியா?"

"கண்ணுல படுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"தனியா உக்காந்திருக்கறதைக்கூட என்னால தனியா செய்ய முடியலையே!" அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ஆள் கிடைக்கல. சரிதான். அதை நானே உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். சொல்லாமலும் இருந்திருப்பேன். அது என் இஷ்டம் இல்லையா?"

பதினாலு வருஷம் ஊரார் ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காத்தவள், பெற்ற பெண்ணின் ரகசியத்தை டீ டம்ளரோடு போட்டு உடைத்துவிட்டாள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இனிமே உன்னைப் பாக்க மாட்டேன். சத்தியம்."

"நான் இனிமே அந்த பெஞ்சுல உக்காரப் போறதில்ல. ஆனா நீ பாக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு மகள் எழுந்து போனாள்.

பார்த்தால் அத்தாட்சி உண்டு. பார்க்காததற்கு எங்கே போவது? ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். மறுநாள் முதல் காரியமாக, வீட்டில் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த மகளின் வகுப்பு அட்டவணையை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கள் ஒன்று பத்து, செவ்வாய் மூணு ஐம்பது, வியாழன் பன்னிரண்டு என்று வாரம் ஐந்து நாளும் மகளுக்கு வகுப்பு விடுகிற நேரம். அந்தந்த நேரம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்து ஒன்பதாம் நம்பரை அப்படியே வலது பக்கம் திருப்பிவிடுவாள். அங்கே ஒரு பெரிய மரம். இருநூறு எண்ணி, மகள் அந்த இடத்தைக் கடந்திருப்பாள் என்று தெரிந்த பிறகுதான் கேமராவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவாள்.

கண்ணை மூடிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அவள் தன்னை நன்றாக அறிந்தவள். மூடிய கண் எண்பது எண்ணுவதற்குள் திறந்துவிடும்.

இருநூறு எண்ணும்வரை வேறென்ன செய்வது? மரத்தைப் பார்த்தாள். மரத்தில் ஒரு காக்கா கூடு கட்டிக்கொண்டிருந்தது. குச்சி, கம்பி, யாரோ தொலைத்த சாவிக்கொத்துக் கயிறு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. முட்டை வைத்தது. மூன்று குஞ்சு பொரித்தது. காக்காக் குடும்பத்துக்கும் அக்கா குரல் கொடுத்தாள். "பாரு, அண்ணன் எப்படிச் சாப்பிடுறான்! நீயும் இருக்கியே." மகளைப் பார்க்க முடியாத ஏக்கத்தைக் காக்காவிடம் கொட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் மகள் முன்போலப் பேசினாள், ஆனால் வளாகத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நம்புகிறாளா இல்லையா என்பது மட்டும் அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், படிப்பகத்துக்குள்ளும் எட்டுக் கேமரா வைக்கப்போகிறார்களாம். மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். நாங்கள் என்ன புத்தகம் எடுக்கிறோம், யாருக்குச் சீட்டு எழுதுகிறோம், எந்தப் பக்கத்தில் தூங்கிப்போகிறோம் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று எழுதி எழுநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். மூன்று மாணவர்கள் வந்து கேமரா அறையில் என்னதான் பதிவாகிறது என்று நேரில் பார்க்கட்டும், அதன்பிறகு பேசலாம் என்றார்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி அக்காவின் மகள். மனுவை எழுதியவளே அவள்தானாம். அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோதுதான் அக்காவுக்கே தெரியும். கொடுத்த வாக்குப்படி, முன்பின் தெரியாதவள் போல, "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். மகளும் "நன்றிங்க" என்றாள்.

சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள், கண்ணாடி போட்டவள், கெட்டிக்காரி. கூட ஒரு நெட்டைப் பையன். பதிவாளர் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் நின்றதில் எந்திரத்துக்கே வியர்த்திருக்கும்.

சட்டக்காரப் பெண் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "திருப்பற கேமரா மூணு இருக்குல்ல, அதை யார் எப்பத் திருப்பினாங்கன்னு எந்திரத்துல பதிவாகும்ல? அந்தப் பட்டியல் வேணும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எந்திரம் அப்படியெல்லாம் குறித்து வைக்கும் என்று ஒன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. எல்லோரையும் வேவு பார்க்கிற அறையில் அவளையே ஒன்று வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! விசில் பொத்தானை அமுக்கினார். அச்சு எந்திரம் நீளமாக ஒரு தாளைத் துப்பியது.

சட்டக்காரப் பெண் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "ஒன்பதாம் நம்பர் மட்டும் நாப்பத்திமூணு நாள் தவறாம திரும்பியிருக்கு. குறிப்பிட்ட நேரத்துக்கு. சார், இங்க உக்காந்துக்கிட்டு யாரையோ பின்தொடர்ந்திருக்காங்க. இதைத்தான் நாங்க பயந்தோம்."

விசில் முகம் சிவந்து, "என்னம்மா இது?" என்றார்.

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மகள் யாரென்பது வெட்டவெளிச்சமாகிவிடும். பொய் சொல்லியும் பழக்கமில்லை. அக்கா சால்வை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"படத்தைப் போடுங்க" என்றார் பதிவாளர்.

போட்டார்கள். பாதை தெரிந்தது, பெஞ்சு தெரிந்தது. சரியாக ஒன்று பத்துக்குக் கேமரா திரும்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்கள். காக்கா. மூன்று நிமிஷம் காக்கா. அடுத்த நாளைப் போட்டார்கள், அன்றைக்கும் காக்கா. வேறு வாரம் போட்டார்கள், குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நெட்டைப் பையன் முதலில் சிரித்தான். பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மூணுல அந்தக் கடைசிக் குஞ்சு பொழச்சுதா?" என்று கேட்டார்.

"பொழச்சு, பறந்துடுச்சு சார்" என்றாள் அக்கா. அவளையறியாமல் வந்த பதில் அது.

விசிலுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேலை நேரத்துல கேமராவை வேணும்னே திருப்பினா வேலை போகும்னு விதி இருக்கு. அந்த மூணு நிமிஷத்துல அங்க ஒருத்தர் விழுந்து கெடந்தா யாரும்மா பாக்குறது? காக்காவா?"

அவர் சொன்னது நியாயம். அக்கா வேலை போய்விடும் என்றே முடிவுகட்டிவிட்டாள். அப்படியும் கைப்பைக்குள் இருக்கும் துண்டுத்தாளை எடுத்துக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அத்தனை நேரம் மகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள் ஒன்று பத்து. செவ்வாய் மூணு ஐம்பது. வியாழன் பன்னிரண்டு. அவள் முகம் மாறியது.

"சார், அது என் வகுப்பு அட்டவணை."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவங்க என் அம்மா. என்னைப் பாக்கக் கூடாதுன்னு நான் சண்டை போட்டேன். அதனாலதான் நான் வர்ற நேரமாப் பாத்துத் திருப்பியிருக்காங்க. அம்மா யாரையும் பின்தொடரல. என்னைப் பாக்காம இருந்திருக்காங்க."

சட்டக்காரப் பெண் கெட்டிக்காரி ஆயிற்றே, அடுத்த நிமிஷமே பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா சார், தன் பொண்ணைப் பாக்கக் கூடாதுன்னு இவங்களுக்கே தோணியிருக்கு. நாங்க எழுநூறு பேரும் யாரோ ஒருத்தர் பிள்ளைங்கதானே?"

பதிவாளர் தாளை மடித்துவைத்தார். படிப்பகத்தில் கேமரா வேண்டாம் என்றார். கேமரா திருப்பிய பட்டியலை வாராவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். விசில் முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதாம் நம்பரின் கைப்பிடி இணைப்பைப் பிடுங்கினார். "இனிமே இதுவும் அசையாது" என்றவர், கதவருகே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

வேலை நேரம் முடிந்து அம்மாவும் மகளும் முதல்முறையாக வளாகத்துக்குள் ஒன்றாக நடந்தார்கள். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்குப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அதனால் கோபமோ என்று நினைத்தாள்.

"ம்மா, எங்க டிபார்ட்மெண்ட்லேர்ந்து கேண்டீனுக்கு நேர் வழி எது தெரியுமா?"

"உங்க கட்டடத்துக்குப் பின்பக்கமா போறது."

"ஆமா. ரெண்டே நிமிஷம். நூலகம் வழியா வந்தா சுத்து. ஆனா நான் சுத்திக்கிட்டுதான் வந்தேன்."

"எதுக்கு?"

மகள் நின்றாள். "நீ சத்தியம் பண்ணியும் பாப்பேன்னுதான் நெனச்சேன். எனக்கு யாருமில்லைன்னு உள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருப்பியோன்னு... அதனால தினமும் யாரையாவது கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, அந்தக் கம்பத்துக்குக் கீழ வரும்போது சத்தமா சிரிச்சுக்கிட்டு நடந்தேன். உனக்குக் காட்டத்தான்ம்மா. முதல்ல எல்லாம் நடிப்புதான். அப்படி இழுத்துக்கிட்டு வந்தவங்கதான் இப்ப என் சிநேகிதிங்க."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பத்துமூன்று நாள் அந்தப் பெண் இவளுக்காகவே சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். நாற்பத்துமூன்று நாளும் இவள் காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஒரு நாள்கூடப் பாக்கலையேடி!"

"அதான் தெரிஞ்சுபோச்சே" என்று மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா அங்கேயே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப நடந்து காட்டு, பாக்குறேன்."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாத்தா பாக்கட்டும். நட."

மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அவர்கள் சிரிக்கச் சிரிக்க, அம்மாவுக்கு முன்னால் ஒருமுறை நடந்து போனாள்.